உயரமான மீன்தொட்டியும் அதன் தாங்கியின் உயரமும்

இயற்கையின் ஒரு கூற்றைத் தன் இல்லத்தினுள்ளே அமைத்துக் கண்டு மகிழ மாந்தன் விழைவது புதியதொரு பழக்கமன்று. முற்றத்துப் பூஞ்செடியும், தாழ்வாரத்துக் கிளிக்கூடும், கூடத்து மீன்தொட்டியும் அவ்விழைவினின்றும் பிறந்தவையே. இவற்றுள் மீன்தொட்டி ஒருவகையில் ஏனையவற்றின் வேறுபட்டது. பூஞ்சாடியை இடம் மாற்றி வைக்கலாம். கிளிக்கூட்டை வேண்டியபோது உயர்த்தலாம், தாழ்த்தலாம். நீர் நிரப்பிய மீன்தொட்டியோ வைத்த இடத்தில் வைத்தபடியே பல்லாண்டு நிற்பது. அதனைப் பெயர்த்து வைக்க வேண்டின், நீரை இறைத்து, மணலை அள்ளி, மீன்களை வேறு கலத்திற் சேர்த்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கல் வேண்டும். ஆதலின், அதனை எவ்விடத்தில் எவ்வுயரத்தில் வைப்பது என்னும் வினாவுக்கு, நீர் நிரப்புவதற்கு முன்னரே விடை காணுதல் இன்றியமையாததாகும்.

இவ்வினா எல்லாத் தொட்டிகளுக்கும் உரியதேயாயினும், நீளத்தினும் உயரம் மிக்க தொட்டிகளில் அது பெரிதும் கூர்மையுறுகின்றது. இடம் சுருங்கிய இல்லங்களில் நீண்ட தொட்டிக்கு இடமில்லாமையால் உயர்ந்த தொட்டியைச் சிலர் விரும்புவர். மீனின் வடிவு கருதி விரும்புவாரும் உளர். அமேசன் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த ஏஞ்சல் மீன், மேற்செட்டையையும் கீழ்ச்செட்டையையும் சேர்த்து நோக்கின், நீளத்தினும் உயரம் மிக்க உடலுடையது. அஃது இயல்பாக நீந்துதற்கு ஆழமான நீர் வேண்டும். இத்தகைய தொட்டிக்குத் தாங்கி அமைப்போர் பெரும்பாலும் கடையில் உள்ள அளவையே கொள்வர்; அன்றேல் ஏற்கெனவே வீட்டிலுள்ள மேசையொன்றைப் பயன்படுத்துவர். அவ்வாறு செய்தல் பொருந்துமா என்பதை அளந்தும் கணக்கிட்டும் ஆராய்தல் நன்று.

தாங்கி தோன்றிய வரலாறு

சீன நாட்டார் பொன்மீனை வளர்க்கத் தொடங்கிப் பல நூற்றாண்டுகள் ஆயின. அவர்கள் அம்மீனைக் குளங்களிலும் பெரிய மட்பாண்டத் தொட்டிகளிலும் இட்டு வளர்த்தனர். அக்கலங்களின் சுவரூடே பார்த்தல் இயலாது. மேலிருந்தே நோக்குதல் வேண்டும். மேலிருந்து நோக்குங்கால் அழகாய்த் தோன்றும் வாலும் முதுகுமுடைய வகைகளை அவர்கள் தெரிந்து பெருக்கியமைக்கு இதுவும் ஒரு காரணமாம். அக்கலங்களுக்கு உயர்ந்த தாங்கி வேண்டப்படவில்லை. கண் மேலே இருக்க, கலம் கீழே இருப்பதே அவற்றுக்குப் பொருத்தமாயிருந்தது.

கண்ணாடிச் சுவருடைய தொட்டி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே இங்கிலாந்தில் பரவியது. அந்நாட்டிற் கண்ணாடிக்கு விதிக்கப்பட்டிருந்த வரி 1845இல் நீக்கப்பட்டமையால் கண்ணாடி மலிந்தது. இரசாயன அறிஞரான றொபேட் வோறிங்ரன் என்பார், மீனும் நீர்ச்செடியும் நத்தையும் ஒரே கலத்தில் ஒன்றையொன்று சார்ந்து வாழுமாற்றைப் பரிசோதித்து 1850இல் வெளியிட்டார். 1853இல் இலண்டன் றீஜன்ற் பூங்காவிலுள்ள விலங்கினக் காட்சிச்சாலையில் மீன்களுக்கென ஒரு மண்டபம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி கொஸ் என்பார் எழுதிய நூல், இல்லத்து மீன்தொட்டியைப் பலரும் விரும்பும் பொருளாக்கியது.

சுவர் கண்ணாடியாகவே, மீனைப் பக்கவாட்டிற் காணும் வாய்ப்பு உண்டாயிற்று. பக்கவாட்டிற் காண வேண்டின், ஒன்றிற் கண்ணைத் தாழ்த்தல் வேண்டும். அன்றேல் தொட்டியை உயர்த்தல் வேண்டும். இவ்வாறு கண்ணாடியோடு உடன்பிறந்ததே தாங்கி என்பது பெறப்படும். எனவே தாங்கியின் உயரத்தை முதற்கண் கேட்கும் உரிமை கண்ணுக்கே உரியது. ஆயினும் கண் ஒன்றே கேட்பதன்று; தொட்டியைப் பேணும் கையும், பாரத்தைத் தாங்கும் காலும் தத்தம் வழக்கை உரைக்கும்.

நிறையும் அமுக்கமும்

கணக்கிற்கு வசதியாக ஒரு தொட்டியைக் கொள்வோமாயின், அதன் நீளம் 60 சதமமீற்றர், அகலம் 45 சதமமீற்றர், உயரம் 75 சதமமீற்றர் என்க. அடியில் 5 சதமமீற்றர் தடிப்பிற்கு மணல் பரப்பி, 70 சதமமீற்றர் மட்டத்திற்கு நீர் நிரப்பினால், நீர் ஏறக்குறைய 180 லீற்றர் ஆகும். ஒரு லீற்றர் நீரின் நிறை 1 கிலோகிராம். 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள கண்ணாடியின் நிறை ஏறக்குறைய 55 கிலோகிராம். மணலின் நிறை 20 கிலோகிராமுக்குச் சற்று மேற்படும். மூடியையும் விளக்கையும் சேர்க்க மொத்தம் 260 கிலோகிராம் வரும். நான்கு வளர்ந்த ஆடவரின் நிறைக்கு இது சமம். தாங்கியின் நிறையை 40 கிலோகிராம் எனக் கொள்ளின், தளத்தின்மீது அமரும் பாரம் 300 கிலோகிராம் ஆகும்.

ஈண்டு ஓர் ஐயத்தைத் தெளிதல் வேண்டும். தொட்டியை உயர வைத்தால் நீர் கண்ணாடியை மிகுதியாக அமுக்கும் என்று சிலர் எண்ணுவர். அது பிழை. நீரின் அமுக்கம் நீர்மட்டத்திலிருந்து அளக்கப்படும் ஆழத்தை மட்டுமே பொறுத்தது. இவ்வுண்மையை அறிஞர் சைமன் ஸ்ரெவின் 1586இல் தம் நூலில் நிறுவினார். தாங்கி 40 சதமமீற்றர் ஆயினும் 90 சதமமீற்றர் ஆயினும் கண்ணாடி உணரும் அமுக்கம் ஒன்றே. மாறாக, தொட்டியின் உயரம் கூடுங்கால் அமுக்கம் விரைந்து மிகும். மேற்கூறிய தொட்டியின் முன்கண்ணாடியை நீர் ஏறத்தாழ 147 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசையுடன் வெளியே தள்ளும். நீரின் ஆழம் 35 சதமமீற்றராகப் பாதியாயின், அவ்விசை ஏறத்தாழ 37 கிலோகிராமாக, அதாவது நாலிலொரு பங்காகக் குறையும். எனவே, கண்ணாடியின் தடிப்பு தொட்டியின் உயரத்தைச் சார்ந்தது. தாங்கியின் உயரம் வேறு காரணங்களைச் சார்ந்தது. இவ்விரண்டையும் மயங்கக் கொள்ளலாகாது.

கண்ணின் வழக்கு

மீன்தொட்டியை எவர் எந்நிலையில் இருந்து பார்ப்பர் என்பதே முதல் வினா. கதிரையில் நிமிர்ந்து அமர்ந்தவரின் கண், தளத்திலிருந்து ஏறக்குறைய 115 சதமமீற்றர் உயரத்தில் இருக்கும். பாயிற் சப்பாணியிட்டு அமர்ந்தவரின் கண் 75 முதல் 80 சதமமீற்றர் வரையில் இருக்கும். நிற்பவரின் கண் 155 சதமமீற்றர் அளவில் அமையும். ஆளுக்கு ஆள் இவை சிறிது வேறுபடும். ஆதலின் இல்லத்தார் தம்முள் ஒருவரை அமரச் செய்து அளந்து கொள்ளுதலே சிறந்தது.

கண் தொட்டியின் நடுப்பகுதிக்கு நேராக அமையுமாயின் காட்சி செவ்விதாகும். அதற்குக் காரணம் ஒளியின் முறிவு. நீரின் முறிவுச் சுட்டி 1.33. கண்ணாடிக்குச் செங்குத்தாக நோக்குங்கால், மீன் தன் உண்மைத் தூரத்தில் முக்காற்பங்கில் நிற்பது போலத் தோன்றுமேயன்றி வடிவு கெடாது. சரிந்து நோக்குங்காலோ உருவம் குறுகியும் வளைந்தும் தோன்றும். சரிவு மிகுமிடத்து ஓரங்களில் நிறப்பிரிகையும் காணப்படும். உயரமான தொட்டியில், கண் மிக மேலே இருப்பின் அடித்தளத்து மீன்கள் சரிவாகத் தெரியும். மிகக் கீழே இருப்பின் மேல்மட்டத்து மீன்கள் அவ்வாறாகும். நடுவே இருப்பின் இரண்டு குறைகளும் பாதி பாதியாகக் குறையும்.

இன்னுமொரு நுட்பமும் உண்டு. கண் நீர்மட்டத்திற்குக் கீழே இருந்து கண்ணாடியூடே மேல்நோக்கின், நீரின் மேற்பரப்பு வெள்ளிக் கண்ணாடி போல் மின்னும். அதில் மீன்களும் செடிகளும் தலைகீழாகத் தெரியும். இது முழு உட்டெறிப்பின் விளைவு. நீரிலிருந்து வளிக்குச் செல்லும் ஒளி, செங்குத்துக் கோட்டுடன் ஏறத்தாழ 49 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில் மேற்பரப்பை அடையின் வெளியேறாது தெறித்து மீளும். கண் நீர்மட்டத்திற்கு மேலே செல்லுமாயின் இக்காட்சி அற்றுப்போம். மூடியின் விளிம்பும் விளக்கின் கம்பிகளுமே கண்ணிற்படும். ஆதலின் நீர்மட்டம் பார்ப்பவரின் கண்ணுக்கு மேலே இருத்தல் விரும்பத்தக்கது. அவ்வாறு அமையுங்கால், விளக்கின் ஒளி நேரே கண்ணை உறுத்தாதவாறு மூடியின் விளிம்பு சற்றுத் தாழ்ந்து மறைத்தல் வேண்டும்.

இவற்றைத் தொகுத்து எளியதொரு வாய்பாடு கூறலாம். கண்ணின் உயரத்திலிருந்து தொட்டியின் உயரத்திற் பாதியைக் கழிக்க வருவதே தாங்கியின் உயரம். கதிரையில் அமர்வோருக்கு 115இலிருந்து 37ஐக் கழிக்க 78 வரும். 75 எனக் கொள்ளலாம். பாயில் அமர்வோருக்கு 40 போதும். நிற்போருக்கு இவ்வாய்பாடு 118 என்னும் விடையைத் தரும். அவ்வுயரத்தில் 260 கிலோகிராம் பாரத்தை ஏற்றுதல் அறிவுடைமையாகாது. அவர்கட்கு 90 என வரையறுத்தாலும் கண் தொட்டியின் மேற்பகுதிக்கு நேராக, நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழாகவே அமையும்.

மீனின் நலமும் இவ்விடத்திற் கருதற்பாலது. இயற்கையில் மீனைக் கவரும் கொக்கும் நாரையும் மேலிருந்தே வருவன. அதனால் மேலே நிழல் அசையுங்கால் மீன் மருண்டு ஓடுவது அதன் பிறவிக் குணம். மிகத் தாழ்ந்த தாங்கியில் வைத்த தொட்டியின் அருகே மாந்தர் நடமாடுந்தோறும் மீன்கள் மருட்சியடையும்.

கையின் வழக்கு

மீன்தொட்டி பார்ப்பதற்கு மட்டும் உரியதன்று, பேணுதற்கும் உரியது. கண்ணாடியிற் படரும் பாசியைத் தேய்த்தல், பழுத்த இலையைக் களைதல், இறந்த மீனை எடுத்தல், மணலிற் படியும் கழிவை உறிஞ்சுதல் ஆகியன வாரந்தோறும் செய்யவேண்டிய பணிகள். இவற்றிற் பெரும்பாலன கையை நீருள் விட்டுச் செய்யப்படுவன.

165 சதமமீற்றர் உயரமுள்ள ஒருவரின் கமக்கட்டு தளத்திலிருந்து ஏறத்தாழ 125 சதமமீற்றர் உயரத்தில் இருக்கும். கமக்கட்டிலிருந்து விரல் நுனிவரை 60 முதல் 65 சதமமீற்றர் வரை நீளும். தொட்டியின் விளிம்பு கமக்கட்டிற்குச் சமமான உயரத்தில் இருப்பினும், விளிம்பிலிருந்து 70 சதமமீற்றர் கீழேயுள்ள மணலை அவருடைய விரல் தொடாது. எனவே 75 சதமமீற்றர் உயரத் தொட்டியில், தாங்கி எத்துணைத் தாழ்ந்ததாயினும், அடிப்பகுதிக்கு நீண்ட இடுக்கியோ கோலோ வேண்டப்படும். தாங்கி உயருந்தோறும் இக்குறை பெருகும். 75 சதமமீற்றர் தாங்கியின்மேல் தொட்டியின் விளிம்பு 150 சதமமீற்றரில் நிற்கும். அதனைப் பேணுவதற்கு 25 சதமமீற்றர் உயரமுள்ள உறுதியான படி ஒன்று வேண்டும். 90 சதமமீற்றர் தாங்கிக்கு 40 சதமமீற்றர் படி வேண்டும். ஈரமான தளத்தில், ஈரமான கையோடு, மின்விளக்கின் அருகே உயரப் படியில் நின்று செய்யும் வேலை இடர் மிக்கது. விளக்கையும் பம்பியையும் மின்னிலிருந்து முற்றாகத் துண்டித்த பின்னரே கையை நீருள் விடல் வேண்டும்.

தொட்டியின் விளிம்புக்கு மேலே, வலையையும் கோலையும் நிமிர்த்தி எடுத்தற்கு 40 அல்லது 50 சதமமீற்றர் வெற்றிடம் இருத்தலும் அவசியம். சுவரிற் பொருத்திய தட்டின் கீழே உயரத் தொட்டியை நுழைத்து வைப்போர் இதனை மறந்துவிடுகின்றனர்.

உயர்ந்த தாங்கியால் விளையும் நன்மை ஒன்று உண்டு. குழாயால் நீரை வாளிக்குள் இறக்குங்கால், நீர்மட்டத்திற்கும் குழாயின் கீழ்முனைக்கும் உள்ள உயர வேறுபாடு மிகுந்தால் நீர் விரைந்து பாயும். ஆயின் விரைவு அவ்வுயரத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்பவே கூடும் என்பது 1644இல் தொரிசெல்லி வெளியிட்ட விதி. 40 சதமமீற்றர் தாங்கியை 75 ஆக்குவதால் விரைவு ஐந்திலொரு பங்களவே கூடும். இச்சிறு ஊதியத்திற்காகத் தாங்கியை உயர்த்த வேண்டியதில்லை. தாங்கியினுள்ளே வடிகட்டித் தொட்டி வைத்து நீரை மேலேற்றுவோருக்கோ உயரம் நட்டமேயாகும்; பம்பி நீரை ஏற்றும் உயரம் கூடக்கூட அது தரும் நீரின் அளவு குறையும்.

எவ்வாறாயினும் கையின் வழக்கைப் புறக்கணித்தலாகாது. பேணுதற்கு அரிதாயமைந்த தொட்டி நாளடைவில் பேணப்படாத தொட்டியாகும். அதன் விளைவை அனுபவிப்பன மீன்களே.

காலின் வழக்கு

மூன்றாவதும் முதன்மையானதும் உறுதிநிலை. ஒரு பொருளின் ஈர்ப்பு மையத்தினூடாகச் செல்லும் நிலைக்குத்துக் கோடு அதன் அடித்தளத்தினுள்ளே விழும்வரை அப்பொருள் கவிழாது. மேற்கூறிய தொட்டியைத் தாங்கியோடு ஒரே திண்பொருளாகக் கொண்டு கணக்கிடின், 50 சதமமீற்றர் தாங்கியில் ஈர்ப்பு மையம் தளத்திலிருந்து 75 சதமமீற்றரில் அமையும்; அது 17 பாகை வரை சரிந்தாற்றான் கவிழும். 75 சதமமீற்றர் தாங்கியில் மையம் 98 சதமமீற்றர். கவிழும் கோணம் 13 பாகை. 90 சதமமீற்றர் தாங்கியில் மையம் 113 சதமமீற்றர்; கோணம் 11 பாகை. உண்மையில் நீர் திண்பொருளன்று. சரியுங்கால் தானும் சரிந்த பக்கத்திற்கே ஓடும். ஆதலின் மேற்கூறிய கோணங்களிலும் குறைவான சரிவிலேயே தொட்டி கவிழக்கூடும்.

தளத்தின் சிறு சரிவும் உயரத்தாற் பெரிதாகும். 45 சதமமீற்றர் அகலத்தில் தளம் 1 சதமமீற்றர் சரிந்திருப்பின், 75 சதமமீற்றர் தாங்கியில் ஈர்ப்பு மையம் 2 சதமமீற்றருக்கு மேலாக முன்னே நகரும். கவிழாது காக்கும் எல்லை நடுவிலிருந்து 22½ சதமமீற்றர் மட்டுமே. அதில் பத்திலொரு பங்கு, எவரும் தொடுவதற்கு முன்னரே இழக்கப்படுகின்றது. ஆகவே நீர்மட்டக் கருவி கொண்டு தாங்கியைச் சமப்படுத்திய பின்னரே நீர் நிரப்புதல் வேண்டும். தளம் கழுவும் நீர் ஓடுதற்கெனச் சரிவாக அமைக்கப்பட்ட விறாந்தைகளில் இது சிறப்பாகக் கவனிக்கத்தக்கது.

சிறு குழந்தைகள் உள்ள இல்லங்களில் வேறோர் அச்சமும் உண்டு. நிரம்பிய தொட்டியின் விளிம்பைப் பற்றி இழுப்பினும் அதனைக் கவிழ்க்க 75 சதமமீற்றர் தாங்கியில் ஏறக்குறைய 45 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசை வேண்டும். குழந்தைக்கு அவ்வலு இல்லை. நீரை இறைத்து மணலோடு விட்ட தொட்டிக்கோ 17 கிலோகிராம் அளவு விசையே போதும். ஏறி விளையாடும் குழந்தையின் நிறை அவ்வளவு இருக்கும். வெறுந்தொட்டிதானே என்று கவனமின்றி விடும் வேளையே ஆபத்தான வேளை என்பது இதனாற் புலனாகும்.

உயரம் வேண்டியே தீருமெனின் அடியை அகலமாக்குதல் தக்க வழி. 90 சதமமீற்றர் தாங்கியின் கால்களை முன்னும் பின்னும் சமமாக அகற்றி, அடியகலத்தை 45இலிருந்து 60 சதமமீற்றராக்கினால், கவிழும் கோணம் 11 பாகையிலிருந்து 15 பாகையாக உயரும். அதாவது அகன்ற அடியுடைய 90 சதமமீற்றர் தாங்கி, ஒடுங்கிய 75 சதமமீற்றர் தாங்கியினும் உறுதியானது. தாங்கியின் மேற்பகுதியைச் சுவரோடு உலோகப் பட்டத்தாற் பிணைத்தல் மேலும் காப்பளிக்கும்.

தாங்கியின் கால்களைப் பற்றியும் ஒரு சொல். மெல்லிய நெடுந்தூண் மேலிருந்து அழுத்தப்படுங்கால் நசுங்குவதற்கு முன்னரே வளைந்துவிடும். அவ்வாறு வளைக்கும் பாரம் தூணின் நீளத்தின் வர்க்கத்திற்கு நேர்மாறானது என 1744இல் ஒயிலர் காட்டினார். நீளம் இருமடங்காயின் தாங்கும் வலு நாலிலொன்றாகும். முதிரை, தேக்கு, பாலை முதலிய வன்மரங்களாற் செய்த கால்கள் இல்லத்துத் தாங்கிகளில் இவ்வாறு வளைதல் அரிது. மூட்டுக்கள் தளர்ந்து சட்டம் முழுவதும் ஒருபுறம் சாய்தலே பெரும்பாலும் நிகழ்வது. பின்புறத்தில் முழுப்பலகை அறைந்தோ, மூலைவிட்டச் சட்டம் பொருத்தியோ இதனைத் தடுக்கலாம். மரத்தூள் ஒட்டிச் செய்த பலகை, நீர் பட்டால் ஊதி வலுவிழக்கும். ஆதலின் இத்தகைய பாரத்திற்கு அஃது ஏற்றதன்று.

மாடியில் வைப்போர் தளத்தையும் நோக்குதல் வேண்டும். 300 கிலோகிராம் பாரம் 0.27 சதுர மீற்றர் பரப்பில் நிற்கின்றது. அதனை அறையின் நடுவே வைப்பதினும், சுவரோரமாக, வளையின் மேலே வைப்பது நன்று. இதற்குத் தாங்கியின் உயரம் காரணமன்று; தொட்டியின் உயரமே காரணம்.

தெரியும் முறை

மேற்கூறியவற்றை ஒழுங்குபடுத்தின் தெரியும் முறை தெளிவாகும். முதலில், தொட்டியைப் பெரும்பாலும் எந்நிலையில் இருந்து பார்ப்பர் என்பதைத் தீர்மானித்துக் கண்ணின் உயரத்தை அளத்தல் வேண்டும். அதிலிருந்து தொட்டியின் உயரத்திற் பாதியைக் கழித்தல் வேண்டும். இரண்டாவதாக, அவ்வுயரத்தில் விளிம்பு எங்கே நிற்கும் எனக் கண்டு, பேணுபவர் எத்துணை உயரப் படியில் ஏற நேரும் என நோக்குதல் வேண்டும். அவர் முதியவராயின் தாங்கியைத் தாழ்த்துதலே முறை. மூன்றாவதாக, அடியின் அகலம் அவ்வுயரத்திற்குப் போதுமா என ஆராய்ந்து, போதாதாயின் அடியை அகற்றவோ உயரத்தைக் குறைக்கவோ வேண்டும். காகிதத்திற் கணக்கிட்டதோடு அமையாது, தொட்டியின் முன்கண்ணாடி அளவில் தாள் வெட்டிச் சுவரில் ஒட்டி, வழக்கமாக அமரும் கதிரையில் இருந்து சில நாட்கள் பார்த்தல் பயன் தரும்.

மூன்று வழக்குகளும் முரணுமாயின் எதற்கு விட்டுக்கொடுப்பது? காலுக்கு முதலிடமும், கைக்கு இரண்டாமிடமும், கண்ணுக்கு மூன்றாமிடமும் அளித்தல் தகும். காட்சியிற் சிறிது குறையுமாயின் இழப்பு சிறிதே. கதிரையைத் தாழ்த்தியோ உயர்த்தியோ அதனை ஈடுசெய்யலாம். பேணுதல் குறையுமாயின் மீன்கள் மடியும். உறுதி குறையுமாயின் மனித உயிருக்கே ஊறு நேரும். கதிரையில் அமர்ந்து காணும் இல்லத்தாருக்கு, எடுத்துக்கொண்ட தொட்டியைப் பொறுத்தவரை, 70 முதல் 75 சதமமீற்றர் வரையுள்ள, அடி அகன்ற, சுவரோடு பிணைத்த தாங்கி மூன்று வழக்குகளையும் ஒருவாறு நிறைவு செய்யும்.

வகுப்பறையில் ஒளிமுறிவு, நீரமுக்கம், ஈர்ப்பு மையம் என்பன வெவ்வேறு பாடங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. இல்லத்தின் ஒரு மூலையில் நிற்கும் மீன்தொட்டியில் அவை மூன்றும் ஒருங்கே நின்று தொழிற்படுகின்றன. தாங்கி செய்யும் தச்சரிடம் செல்லுமுன், அளவுகோலும் தாளும் எடுத்து அவற்றைக் கணக்கிடும் மாணவன், தான் கற்றதன் பயனைத் தன் இல்லத்தாருக்குக் காப்பாக அளித்தவனாவான்.